பனிமனிதனை ஒட்டும் முன் பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் முன்பள்ளி ஆசிரியைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம் சுற்றத் தொடங்கிவிடும். கறுப்புத் தொப்பி, கரட் மூக்கு, கழுத்தில் சிவப்பு மப்ளர் கட்டிய பனிமனிதன். அதை ஃபோட்டோகொப்பி எடுத்துப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்து, வட்டத்துக்குள் பஞ்சு ஒட்டச் சொல்வோம். சில வருடங்களுக்கு முன் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றின் முன்பள்ளிக்குப் போனபோதும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. நாலு வயதுப் பையன் ஒருவனிடம் "இது யாருப்பா?" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னான்: "எங்க தாத்தா. குல்லா போட்டுக்கிட்டு கம்பிளி போத்திக்கிட்டு உக்காந்திருக்காரு."

"தாத்தா இல்லடா, ஸ்னோமேன்" என்று டீச்சர் திருத்தினார். பையன் அதற்குப் பிறகு பேசவில்லை. பஞ்சையும் டீச்சரே ஒட்டி முடித்தார்.

அவன் பனிமனிதனைக் கண்டதில்லை. விடியற்காலையில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவைத் தினமும் காண்கிறான். அவனுடைய குளிர்காலம் அதுதான். முன்பிள்ளைப்பருவ ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன்; குளிர்காலக் கைவேலை பற்றி யார் கேட்டாலும் அந்தப் பையனிலிருந்துதான் தொடங்குவேன். நம் மலைக்கென்று ஒரு குளிர்காலம் இருக்கிறது. அதைப் பிள்ளையின் கைக்குக் கொடுக்க வேண்டும்.

முதலில் அந்தக் கை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரிக் காலையில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எட்டு மணிக்கு வந்து சேரும் பிள்ளையின் விரலைத் தொட்டுப் பார்த்தால் தண்ணீர்க்குழாயைத் தொட்ட மாதிரி இருக்கும். குளிரில் உடம்பு விரல் நுனிகளுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். விரல் மரக்கும், தொட்டது தெரியாது, மூட்டு மடங்காது. அந்த நேரத்தில் கத்தரிக்கோலைக் கொடுத்து "கோட்டுல வெட்டு" என்றால் வெட்ட வராது. "இந்தப் புள்ளைக்குக் கை வேலை செய்யாது" என்று டீச்சர் முடிவு கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை பத்து மணிக்கு வெயில் வந்த பிறகு ஒழுங்காக வெட்டும்.

அதனால் குளிர் நாளில் காலை முதல் வேலையாக மாப்பிசைதலை வையுங்கள். இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்; ஒரு கோப்பை சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு டீச்சரே பிசைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு உருண்டை. கால் மணி நேரம் போதும், விரல் இளகிவிடும். பொம்மை செய், பூ செய் என்று எதுவும் சொல்லாதீர்கள், அவர்களே ரொட்டி சுடத் தொடங்குவார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பனிக்காலத்தில் நம் பிள்ளைகளின் புறங்கையும் கன்னமும் வெடித்திருக்கும். வெடித்த தோலில் உப்பு பட்டால் எரியும். அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, உப்புப் போடாத மாவைத் தனியாகக் கொடுங்கள். உப்பு மாவு வாய்க்குப் போகாமலும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குளிரும் ஒரே மாதிரிக் குளிர் இல்லை. டிசம்பரில் தூறலும் மூடுபனியுமாக இருக்கும், ஒட்டியது எதுவும் காயாது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளுத்து, காற்று அசையாமல் நிற்கும் இரவுகள் வரும். அப்போது நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். காற்றில் 3, 4 பாகை இருக்கும்போதே புல் நுனி 0 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நேரே வெள்ளைத் துகளாகப் படியும். அதுதான் உறைபனி. பெரியவர்களுக்கு அது கவலை. கொழுந்து கருகும், வேலைநாள் குறையும். அந்தப் பேச்சை வீட்டில் கேட்டுக்கொண்டுதான் பிள்ளையும் வருகிறது.

அப்படி ஒரு காலையில் நானும் ஒரு டீச்சருமாகப் பன்னிரண்டு பிள்ளைகளை முன்பள்ளி வாசல் புல்வெளிக்குக் கூட்டிப் போனோம். ஆளுக்கொரு கறுப்பு அட்டைத் துண்டு. பனி படிந்த புல்லை ஒன்று கிள்ளி அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்பின் மேல் ஊசி ஊசியாக நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பிள்ளை மூச்சு விட்டதும் ஊசிகள் படுத்துவிட்டன. "டீச்சர், நான் ஊதுனா செத்துப் போகுது!" உடனே எல்லோரும் ஊதத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்தில் உள்ளே கூட்டிவந்துவிட்டோம். அதற்கு மேல் வெளியே நிறுத்தக்கூடாது.

உள்ளே வந்து செய்ததுதான் நான் எல்லா ஆசிரியைகளுக்கும் சொல்லும் வேலை. வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் வெள்ளைச் சித்திரக் கடதாசியில் புல்லையோ இலையையோ தாங்கள் கண்டதையோ அழுத்திக் கீற வேண்டும். கீறியது கண்ணுக்குத் தெரியாது. பிறகு கடுஞ்சாயத்தைத் தூரிகையால் பூச வேண்டும். அரைக் கோப்பை கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி தேயிலைத் தூளைப் போட்டு அரை மணி நேரம் ஆற வைத்த சாயம். மெழுகில் தண்ணீர் ஒட்டாது. சுற்றிலும் பழுப்பாகும், கீறிய கோடெல்லாம் வெள்ளையாக எழுந்து வரும். "பனி வந்திருச்சு!" என்ற சத்தம் அடுத்த லயம் வரைக்கும் கேட்டிருக்கும். குளிரில் மெழுகு இறுகிக் கிடந்தால் கடதாசியில் ஏறாது, துண்டுகளை முன்கூட்டியே கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கச் சொல்லுங்கள். பளபளப்பான கலண்டர்த் தாள் இதற்கு ஆகாது, சாயம் நிற்காமல் வழிந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. வீட்டில் தினம் குடிக்கிற சாயத்தண்ணி படம் வரையவும் ஆகும் என்பதைக் கண்டு அந்தப் பிள்ளைகள் பட்ட ஆச்சரியத்தை நான் வேறெந்த வண்ணப்பூச்சிலும் பார்த்ததில்லை.

மூடுபனி நாளுக்கு இதைவிட எளிய வேலை இருக்கிறது. பிள்ளை லயத்தையோ மலையையோ கோயிலையோ வரையட்டும். மேலே பழைய வேட்டித் துணியில் மெல்லிய துண்டொன்றை ஒரு ஓரம் மட்டும் ஒட்டிவிடுங்கள். மூடினால் பனி வரும், தூக்கினால் பனி போகும். மூன்று வயதுப் பிள்ளை இதை நாற்பது தடவை செய்யும். விட்டுவிடுங்கள், செய்யட்டும்.

பைன் காய்களையும் நான் விரும்பிச் சேர்ப்பேன். ஈரத்தில் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். மூடிய காயை அடுப்படியில் வைத்துவிட்டு மறுநாள் காட்டினால் "யாரு தொறந்தது?" என்ற விசாரணை ஒரு மணி நேரம் நடக்கும். விரிந்த செதில்களுக்குள் கம்பளி நூலைச் சுற்றக் கொடுங்கள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்கப் பழகும், பென்சில் பிடிப்பதற்கு அந்தப் பிடிதான் வேண்டும். நூல் ஒரு சாணுக்கு மேல் நீளக்கூடாது, கழுத்தில் சுற்றிக்கொண்டால் ஆபத்து.

ஆபத்து என்று வந்ததால் இன்னும் சில. தேயிலைக் கொட்டையைப் பார்த்தால் எங்களுக்கு மணி கோக்கத் தோன்றும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்க அந்த அளவு தாராளமாகப் போதும். ரெஜிஃபோம் உருண்டைகளும் அப்படியே, மூக்குக்குள் போட்டுக்கொள்வார்கள். இழுப்பு உள்ள பிள்ளையின் முகத்துக்கு நேரே பஞ்சைப் பிய்க்காதீர்கள். இலை பொறுக்கப் போகும் முன் அந்த மலையில் மருந்து அடித்தார்களா என்று கங்காணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேயிலைக்குள் போகாமல் வழியோரச் சவுக்கு (நாங்கள் அப்படிச் சொல்லும் சில்வர் ஓக்) மரத்தடியில் விழுந்த இலையே போதும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளி, பனிக்கு அதைவிட அழகான நிறம் வேறில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அறையைச் சூடாக்குவதற்காக நெருப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. பிள்ளைகள் தூங்கி விழுவது போலத்தான் தெரியும், எழுப்பினால் எழும்ப மாட்டார்கள். குளிர் தாங்க முடியாவிட்டால் தரையில் சாக்கும் பாயும் விரியுங்கள், இரண்டு காலுறை போடச் சொல்லுங்கள், ஆட்டம் பாட்டம் வையுங்கள்.

"தரம் ஒன்னுக்குப் போகப் போற புள்ள, இன்னும் அ, ஆ எழுதல, தேயிலைத் தண்ணியில விளையாடிக்கிட்டிருக்கு" என்று அம்மாமார் கேட்பதுண்டு. கேட்பது நியாயம்தான். தங்களுக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு அது. அவர்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள். கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வரும் அம்மாவை ஒரு நிமிடம் உட்கார வைத்து, மெழுகையும் கடதாசியையும் அவர் கையிலேயே கொடுங்கள். அழுத்திக் கீறாவிட்டால் கோடு எழாது என்பதை அவர் கையே அவருக்குச் சொல்லும். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளும் விரல்கள் அவை, விரலின் பலம் என்னவென்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

படத்தின் பின்பக்கம் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், திருத்தாமல். அன்றைக்கு ஒரு சிறுமியின் தாளில் ஒரு கோடும் எழவில்லை, முழுதும் பழுப்பு. டீச்சர் புதுத் தாள் எடுக்கப் போனார். நான் "என்ன வரைஞ்ச கண்ணு?" என்றேன். "பனிதான். வெயில் வந்திருச்சு, அம்மா மலைக்குப் போயிட்டாங்க." டீச்சர் புதுத் தாளை அலுமாரியில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.