ப்ளூ கட் வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்

போன திங்கட்கிழமை அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகளைக் கண் டாக்டரான என்னிடம் அழைத்து வந்தார். சாயங்காலமானால் பிள்ளைக்குத் தலைவலி, வகுப்பில் போர்டு மங்கல். ஒரு கடையில் மெஷினில் பார்த்து மைனஸ் ஒன்றரை பவர் என்று கண்ணாடியும் போட்டாயிற்று. வலி நிற்கவில்லை. "சார், அந்த ப்ளூ கட் கண்ணாடி எழுதித் தந்துருங்க. அதப் போட்டா போன எவ்வளவு நேரம் பாத்தாலும் ஒண்ணும் செய்யாதாம்லா" என்றார்.

அந்த வாரத்தில், நீல ஒளியைத் தடுக்கும் இந்தக் கண்ணாடியையே கேட்டு வந்தவர்களில் அவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தேன். மைனஸ் ஒன்றரையைக் காணோம். அவளுக்குக் கிட்டப்பார்வையே (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) கிடையாது; கிட்டத்திலேயே பார்த்துப் பார்த்துக் கண்ணின் தசை இறுகிப்போயிருக்கிறது. (பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்காமல் முதல் கண்ணாடி எழுதாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது!)

"எதுலம்மா படிக்கிற?" என்றேன். போனைக் காட்டினாள். டியூஷன் மாஸ்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீட் நோட்ஸ். ஒரு முழுத் தாள் உள்ளங்கைக்குள் சுருங்கிக் கிடந்தது. வீட்டில் படிக்கிற மாதிரியே பிடி என்றேன். மூக்கிலிருந்து ஒரு ஜாண்கூட இல்லை. அவள் பையிலிருந்த உயிரியல் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். கை தானாகவே ஒரு முழம் தள்ளிப் போனது. அம்மாவிடம் அதைத்தான் காட்டினேன்.

ப்ளூ கட் விஷயத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். போனிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலை பத்து மணிக்குத் திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள். அந்த வெயிலில் இருக்கும் நீல ஒளிக்கு முன்னால் உங்கள் போன் எம்மாத்திரம்? 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 17 பரிசோதனைகளைச் சேர்த்து அலசியது. சாதாரணக் கண்ணாடியைவிட ப்ளூ கட் கண்ணாடி கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. சோர்வு வருவது சின்ன எழுத்தால், கிட்டப் பிடிப்பதால், இமைக்க மறப்பதால். நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடும். ஆடிக் காற்றும் சேர்ந்தால் மண் விழுந்த மாதிரி உறுத்தும். இதில் எதை அந்தக் கண்ணாடி தடுக்கும்? அது இருக்கிற தைரியத்தில் பிள்ளைகள் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பார்க்கிறார்கள், அதுதான் மிச்சம்.

"ஒரே பக்கத்த மூணு தடவ படிச்சாலும் நிக்க மாட்டேங்குது சார்" என்றாள் அந்தப் பெண். அது என் துறை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். 54 ஆய்வுகளை, 1,70,000 பேருக்கு மேல் படித்ததைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2018-ல் வந்தது. பாடம், தகவல் போன்றவற்றைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்களுக்கே நன்றாகப் புரிந்திருக்கிறது. நேரக் கெடு வைத்துப் படித்தபோது வித்தியாசம் இன்னும் கூடியது. கதை படிப்பதில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. நீட்டுக்குப் படிப்பது கதையா?

புத்தகத்தையும் ஒரு ஜாணில் பிடித்தால் அதே வலிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து வாசலுக்கு வந்து, தெருக்கோடி வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். திரை தவிர வழியில்லை என்றால் கம்ப்யூட்டரிலோ டிவியிலோ பெரிதாகப் போட்டுப் பாருங்கள், போன் வேண்டாம். சின்னப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட அது உதவும்.

அப்புறம், டியூஷன் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி பத்து மணிக்கு நாற்பது பக்க பிடிஎஃப் அனுப்பாதீர்கள். ஒரு பிரதியைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் போகிற வழியில் எடுத்துக்கொள்வார்கள்.