பூச நட்சத்திரம் ஏன் தெரியவில்லை?

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தோம். ராத்திரி ஜோதி தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் பாட்டி, 'நிலாவுக்குப் பக்கத்துலதான் பூச நட்சத்திரம் இருக்கும், பாரு' என்றார். ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து, நிலா எழுவதற்கு முன்னால் மொட்டை மாடியில் நின்று தேடினேன். அப்போதும் தெரியவில்லை. பூசம் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா?"

இருக்கிறது. கடக ராசியில் இருக்கிறது. ஆனால் மகத்தைப் போல, சித்திரையைப் போல ஒற்றை நட்சத்திரமாகப் பளிச்சென்று நிற்காது. மங்கலான மூன்று நட்சத்திரங்கள், அவற்றுக்கு நடுவே விரலால் தேய்த்த விபூதி போல ஒரு வெண்மை. அந்த வெண்மை சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரக் கூட்டம். கலிலியோ தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பியபோது நாற்பதுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் கண்டார். வெறும் கண்ணுக்கு அது நல்ல இருட்டில்தான் பிடிபடும்.

நான் அதை முதலில் பார்த்தது ஒரு கெட்ட காலத்தில். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் சித்தப்பாவின் முந்திரித் தோப்பில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. வாசல் பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டது. பொங்கல் வந்தும் ஊருக்குக் கரண்ட் வரவில்லை. பொங்கலன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நிலா எழ இன்னும் நேரமிருந்தது. சித்தப்பா கிழக்கே பாதி உயரத்தில் கையைக் காட்டி, "அது என்னடா, புகை மாதிரி?" என்றார். பலா மரம் நின்ற இடம் அது. பஞ்சாங்கத்தில் நாள் தவறாமல் நட்சத்திரம் பார்க்கிறவர், தன் மூத்த மகள் பிறந்த பூசத்தை அன்றைக்குத்தான் வானத்தில் பார்த்தார்.

சரி, நிலா ஏன் பூசத்தை மறைக்கிறது? நிலா அதன் குறுக்கே போய் நிற்பதில்லை. நட்சத்திரத்திலிருந்து வரும் ஒளியும் துளிகூடக் குறையவில்லை. கூடியது பின்னணியின் வெளிச்சம். தேர்த்திருவிழாவில் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காதில் ரகசியம் சொன்னால் எப்படியோ, அப்படி. அந்தப் பின்னணியை வெளிச்சமாக்குவது நாம் மூச்சுவிடும் காற்று.

பகல் வானம் நீலமாக இருப்பதற்கு ஒளிச்சிதறல் காரணம் என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். 1871-இல் ராலே என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் அதற்குள் நடப்பது, எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஒரு கன சென்டிமீட்டர் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 25-க்குப் பின்னால் 18 சைபர் போட்டால் வரும் அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒளி ஓர் அலை. அது ஒரு நைட்ரஜன் மூலக்கூறைக் கடக்கும்போது அதிலுள்ள எலக்ட்ரான்களைப் பிடித்து ஆட்டுகிறது. ஆடுகிற எலக்ட்ரான் ஒரு குட்டி ஆன்டெனாவாகி, தன்னை ஆட்டிய ஒளியைச் சுற்றுமுற்றும் வீசுகிறது. எவ்வளவு வீசும்? எவ்வளவு வெடுக்கென்று திசை மாறி ஆடுகிறதோ அவ்வளவு. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தூரத்துக்கு, ஆனால் இரண்டு மடங்கு தடவை ஆட வேண்டுமென்றால் நான்கு மடங்கு முடுக்கம் வேண்டும். வீசப்படும் ஆற்றலோ முடுக்கத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நான்கின் இருமடி பதினாறு. அலைநீளம் பாதியானால் அலை இரண்டு மடங்கு தடவை ஆடும், அதாவது சிதறல் 16 மடங்கு. இருமடிக்குமேல் இன்னொரு இருமடி. நீல ஒளியின் அலைநீளம் சிவப்பைவிடக் குறைவு, அதனால் அது அதிகம் சிதறும். வானத்தின் நீலம் முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது.

இதே கணக்கு ராத்திரியிலும் ஓய்வதில்லை. பௌர்ணமியன்று கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அரை நிமிடம் திறந்து வைத்து வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். பகல் வானம் போலவே நீலமாக வரும். நம் கண்ணுக்கு அந்த மங்கலில் நிறம் தெரிவதில்லை, அவ்வளவுதான். தைப்பூசத்தன்று பாட்டி காட்டிய இடத்தில் பேத்திக்கு ஒன்றும் தெரியாததற்கு இந்த நீலம்தான் காரணம். நிலா தேய்ந்து அந்த நீலம் போன பிறகும் தெரியவில்லை என்றால், வேறொரு நிலா எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது நம் தெருவில் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு வரை நம் ஊர்த் தெருக்களில் சோடியம் விளக்குகள் நிறைய இருந்தன. அவற்றின் ஒளி பெரும்பாலும் 590 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள். இப்போது எங்கும் வெள்ளை எல்இடி. வெள்ளை எல்இடிக்குள் எரிவது உண்மையில் நீல எல்இடி, சுமார் 450 நானோமீட்டர். அதைக் கண்டுபிடித்ததற்காக 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு நோபல் கிடைத்தது. அதன்மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும். மஞ்சளும் மிச்ச நீலமும் சேர்ந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இப்போது 590-ஐ 450-ஆல் வகுங்கள்: 1.31. அதன் இருமடி 1.72. இன்னொரு இருமடி, 2.95. எல்இடியின் நீலம் சோடியத்தின் மஞ்சளைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சிதறுகிறது. போதாததற்கு, இருட்டுக்குப் பழகிய கண் மஞ்சளைவிட நீலப்பச்சைப் பக்கமே அதிகம் உணரும். ஆகவே சிதறிய அந்த ஒளி கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரியும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர், அதில் ஐந்தாறு சொட்டுப் பால். லைட்டை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். டார்ச்சுக்கு அருகே டம்ளர் லேசாக நீலம் பாரிக்கும். எதிர்ப்பக்கம் குனிந்து பார்த்தால் அதே டார்ச் மஞ்சளாகத் தெரியும். என் அக்கா பெண் இதைச் செய்துவிட்டு, டார்ச்சுக்கு மஞ்சள் ஜெல்லிக் காகிதத்தைச் சுற்றி மறுபடி அடித்தாள். டம்ளரின் நீல மினுக்கம் போயே போய்விட்டது. "மாமா, அப்ப தெருவிளக்குக்கும் மஞ்சக் காகிதம் சுத்திடலாமே" என்றாள். அவள் சொன்னதைத்தான் கடையில் "வார்ம் ஒயிட்" என்று விற்கிறார்கள். பாஸ்பர் கூடுதலாகப் பூசியிருப்பார்கள், நீலம் குறைந்திருக்கும். பெட்டியில், ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவாக, 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். 6500 என்று போட்டிருப்பதுதான் வானத்துக்கு ஆகாதது.

நிறம் ஒரு பக்கம். விளக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது இன்னொரு பக்கம். நேராக மேலே போகும் வெளிச்சம் குறைந்த அளவு காற்றைக் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். தரையை ஒட்டிப் படுக்கையாகப் போகும் வெளிச்சம் அதைப் போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். சாயங்காலச் சூரியன் சிவப்பதும் இதனால்தான். அவ்வளவு நீண்ட வழியெல்லாம் அந்த வெளிச்சம் சிதறிக்கொண்டே போகிறது. ஆகவே சாய்வாக மாட்டிய ஒரு ஃபோகஸ் லைட் தன் தெருவோடு நிற்பதில்லை, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் வானத்தையும் கெடுக்கும். கடலோரக் காற்றில் ஈரமும் உப்புத் துகளும் சேர்ந்திருப்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே படும்.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது? உலகம் முழுக்கச் சாதாரண மக்கள் வெறும் கண்ணால் நட்சத்திரம் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயது ஆகும்போது 100தான் தெரியும். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வந்தவை. நம் பக்கத்துப் பதிவுகள் மிகக் குறைவு. இது எனக்கு மிகவும் உறுத்துகிறது. வான வெளிச்சத்தை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள ஒவ்வொரு கல்லூரி இயற்பியல் துறைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, மாதாமாதம் அமாவாசையன்று அளக்கச் சொன்னால் பத்து வருஷத்தில் எவ்வளவு பெரிய சொத்து சேரும்! ஆராய்ச்சிப் பணம் என்றால் பெரிய தொலைநோக்கிக்குத்தான் என்று இருக்கக் கூடாது. லடாக்கின் ஹான்லேயை 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். நெஞ்சார மகிழ்ந்தேன். நம் ஜவ்வாது மலையில், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் காவலூரைச் சுற்றிய இருட்டும் அதே அக்கறைக்கு உரியது.

வானம் பார்க்கிறவர்களின் ஆசை மட்டும் இல்லை இது. தை முதல் பங்குனி வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். ஏறத்தாழ 50 நாள் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் நடக்கும். நிலா, நட்சத்திரங்களின் ஒளி தண்ணீரில் பட்டு வருவதால் கடல் பக்கம்தான் எப்போதும் வெளிச்சமாக இருந்தது. கோடிக்கணக்கான வருஷம் அந்தக் கணக்கு பிசகவில்லை. கடலூருக்கு வடக்கே ஒரு கடற்கரையில் ஒரு பங்குனி விடியலில் நான் பார்த்த சுவடுகள் கடலுக்குப் போகவில்லை. விரல் அகலத்துக்கு, சின்னச் சின்னத் துடுப்புக் கோடுகளாக, மேட்டில் இருந்த ஒரு தோட்டத்தின் வெள்ளை விளக்கை நோக்கிப் போயிருந்தன. வேலிக்குக் கீழே பதினேழு குஞ்சுகளை எடுத்தோம். ஆறில்தான் உயிர் இருந்தது.

விளக்கைக் குறைக்கச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "திருட்டு, பாம்பு, பெண்கள் பாதுகாப்பு?" நியாயமான கேள்வி. யாரும் இருட்டில் நடக்க வேண்டாம். ஆனால் கண்ணில் அடிக்கிற விளக்கு பாதுகாப்பு இல்லை. எதிர்த்து அடிக்கும் வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கிவிடும், விளக்குக்குப் பின்னால் நிற்கிற ஆளும் தெரியாது, காலடியில் உள்ள பள்ளமும் தெரியாது. மேலே மூடியும் கீழே திறப்புமாக இருக்கும் விளக்கு, குறைந்த வாட்டிலேயே தெருவை நன்றாகக் காட்டும். பிரான்ஸ் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஆணை, வெளி விளக்குகளுக்கு 3000 கெல்வின் என்று வரம்பு வைத்தது. பிரெஞ்சுத் தெருப்பெயர்களை இன்னும் அழியாமல் வைத்திருக்கும் புதுச்சேரி இதையும் எடுத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிக்கு வானத்தோடு பழைய உறவும் உண்டு. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1768-இல் அங்கே வந்து இறங்கினார். ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, 1769 ஜூன் 4 அன்று காலை மேகம் மூடிக்கொண்டதால் பார்க்க முடியாமலே போனார். ஆனால் அங்கிருந்த நாட்களில் ஒரு தமிழரிடம், சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். கணக்கு நம்மிடம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. ஜாதகக் கட்டத்தில் பூசம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறவர் இன்றும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். வானத்தில் எங்கே என்று கேட்டால் கை காட்ட ஆளில்லை. நீங்கள் பார்க்கிற பூசத்தின் ஒளி அங்கிருந்து கிளம்பி 600 வருஷம் ஆகிறது. உங்கள் கல்யாணத்தைத் தடுக்கவோ நடத்தவோ அதற்கு ஒரு வேலையும் இல்லை. பயந்துகொண்டு பரிகாரம் தேடுவதைவிட மாடிக்குப் போய் அதைப் பார்ப்பது நல்லது.

போன வருஷம் எங்கள் தெருமுனை விளக்கு சாய்ந்து, நேராக எங்கள் மாடியில் அடித்துக்கொண்டிருந்தது. நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து லைன்மேன் ஏணியோடு வந்தார். ஸ்பேனரால் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, விளக்கின் தலையைத் தரையைப் பார்க்கத் திருப்பி, மறுபடி முடுக்கினார். பத்து நிமிட வேலை. அன்று ராத்திரி கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நட்சத்திரம் தெரிந்தது. அதுவரை மூன்றுதான்.

அதனால் அந்த மாணவிக்கு என் பதில் இது. தைப்பூசத்தன்று தேட வேண்டாம், அன்றைக்கு நிலா விடாது. மகா சிவராத்திரிக்குக் காத்திருங்கள். அமாவாசைக்கு முந்தைய ராத்திரி அது. நிலா விடியப் போகும்போதுதான் எழும், பாட்டியும் எப்படியும் விழித்திருப்பார். ஊரைவிட்டுத் தள்ளி ஒரு வயல் வரப்புக்கு இரண்டு பேருமாகப் போங்கள். பத்து மணிவாக்கில் அண்ணாந்து பாருங்கள். மேற்கே புனர்பூசத்தின் ஜோடி நட்சத்திரங்கள், கிழக்கே மகம். இரண்டுக்கும் நடுவே, கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை போனைத் தொடாதீர்கள். நேராக உற்றுப் பார்க்காமல், பார்வையைச் சற்றே ஓரமாக வையுங்கள். புகை மாதிரி ஒன்று தெரியும். பாட்டிக்குக் காட்டுங்கள்.