மேல்மாடிச் சத்தம்: எழுத்தில் கொடுத்தீர்களா?

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். வயது 68. கையில் முதல் தகவல் அறிக்கையின் நகல். அதில் 'எதிரி' என்ற இடத்துக்கு நேராக அவருடைய பெயர். காவல் நிலையத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அது அவருக்குத் தெரியவில்லை. "நான் யாருக்கும்மா எதிரி?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். அவர் மூன்றாவது மாடி. நான்காவது மாடியில் வாடகைக்கு வந்த குடும்பத்தில் ஒரு இளைஞர், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஹோம் தியேட்டரில் படம் பார்ப்பார். வூஃபர் அதிர்வில் கீழே இவருடைய மனைவி படுத்திருக்கும் கட்டிலே அதிருமாம். அந்த அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர். இரண்டு வருடம் பொறுத்தார். மார்கழியில் ஒரு ராத்திரி பொறுமை போய்விட்டது. கைத்தடியோடு மேலே ஏறிப்போய்க் கதவை அடித்தார், திட்டினார். கதவைத் திறந்தது அந்தப் பையனின் தாயார். தள்ளுமுள்ளில் அந்தத் தாயார் விழுந்து மணிக்கட்டில் அடி. மறுநாள் காலை புகார். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351(2) பிரிவுகள். ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது. பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) தான், எண்கள் மாறியிருக்கின்றன.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "இந்த ரெண்டு வருஷத்துல எழுத்துல ஏதாவது கொடுத்தீங்களா சார்?"

"எல்லாம் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்கிட்ட போன்ல சொன்னேம்மா. நாப்பது தடவையாவது சொல்லியிருப்பேன்."

ஒரு காகிதம் இல்லை. இரண்டு வருடம் கஷ்டப்பட்டதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. மேல் வீட்டு அம்மாவின் மணிக்கட்டுக்கு மருத்துவமனையின் காயச் சான்று இருக்கிறது. இந்த ஒரு வருடத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கடலூரில் அக்கம்பக்கத் தகராறு என்றால் வரப்பு, வேலி, சாக்கடை, பொதுச் சுவர். இப்போது செம்மண்டலம், கூத்தப்பாக்கம் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. தனி வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டுத் தரை இன்னொருவருக்குக் கூரை என்பது பலருக்கு இன்னும் பழகவில்லை. அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் படித்தவர்கள்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது.

"ராத்திரி பத்து மணிக்கு மேலதான மேடம் சத்தம் போடக் கூடாது? பகல்ல நம்ம இஷ்டம்தானே?"

இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்படுத்தல்) விதிகளைப் படித்துப் பாருங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. பகலுக்கு அளவே இல்லையென்றால் அந்த 55 எதற்காக எழுதப்பட்டது? மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. உங்கள் வீட்டு ஸ்பீக்கர் சத்தம் உங்கள் எல்லையைத் தாண்டும் இடத்தில், அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இதற்குப் பகல், இரவு என்ற வேறுபாடு கிடையாது. டெசிபல் கணக்கு வேறு மாதிரியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 55-க்கும் 65-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும்.

அந்தப் பத்து மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் இரவு 10 முதல் காலை 6 வரை பயன்படுத்தக் கூடாது என்ற தடையிலிருந்து. திருவிழா போன்ற சமயங்களில் மாநில அரசு வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அந்தத் தளர்வு உங்கள் மொட்டை மாடிப் பிறந்தநாள் விருந்துக்குத் தானாக வந்துவிடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் பட்டாசும், சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களும் கூடாது. ஆக, இரவுக்குத் தடை, பகலுக்கு வரம்பு. தடை இல்லாத நேரத்தில் எதுவும் செய்யலாம் என்று விதியில் எங்கும் எழுதவில்லை. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் இன்னும் அழுத்தமாகவே சொன்னது: பேச்சுரிமை என்ற பெயரில் கேட்க விரும்பாதவர் காதில் சத்தத்தைத் திணிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. அமைதியாக வாழ்வது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது.

சரி, எல்லாச் சத்தத்துக்கும் இந்த விதி உதவுமா? உதவாது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாற்காலி இழுப்பது, குழந்தை ஓடுவது, காலை ஐந்தரைக்கு மிக்ஸி, உலக்கை இடிப்பது, இதெல்லாம் தளத்தின் வழியே இறங்கும் சத்தம். டெசிபல் மீட்டரை வைத்துக்கொண்டு காவலர் வந்து நிற்கிற விஷயம் இல்லை. கைக்குழந்தை அழுகிறது என்று நோட்டீஸ் அனுப்பச் சொல்லி ஒருவர் வந்தார். முடியாது என்று திருப்பி அனுப்பினேன். வாழ்கிற வீட்டில் எழும் நியாயமான சத்தத்தைச் சட்டம் தொல்லையாகக் கருதாது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், மிக்ஸிக்கு அடியில் தடிமனான விரிப்பு, ஹாலில் ஒரு பாய். இவ்வளவுதான் செலவு. மேல் வீட்டில் இருப்பவர்கள் யாரும் கேட்காமலே இதைச் செய்துவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெனரேட்டர் கதை வேறு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர் இது. ஜெனரேட்டர் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கும் அளவு உண்டு. ஒலித்தடுப்புக் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. கூண்டின் கதவு கழன்று கிடந்தால் அதைச் சரிசெய்வது சங்கத்தின் வேலை.

சங்கம் என்றதும்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இது ரெண்டு வீட்டுக்காரங்க விவகாரம், சங்கம் தலையிடாது" என்ற வாக்கியத்தை எத்தனை செயலாளர்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! உங்கள் பைலாவை, அதாவது சங்கத்தின் உள்விதிகளை, திறந்து பாருங்கள். பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற விதி அநேகமாக எல்லாப் பைலாவிலும் இருக்கும். அதை அமல்படுத்துவதற்குத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பழுதுக்கும் பணம் வசூலிப்பதோடு பொறுப்பு முடிந்துவிடாது. 2022-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உரிமையாளர் சங்கமும் பைலாவும் அதில் கட்டாயம்.

அந்த ஆசிரியர் விஷயத்தில் எனக்குத் தாங்க முடியாமல் போனது எது தெரியுமா? நாற்பது தடவை போன் வாங்கிய அந்தச் செயலாளர், ஒரு தடவைகூட மேல் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. வாடகைக்காரர், இன்று இருப்பார், நாளை போவார், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். "சொல்லிட்டேன் சார், சொல்லிட்டேன் சார்" என்று இவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பின்னால் என் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசும்போது அந்தப் பையன் கேட்டது: "கீழ இவ்வளவு கேக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது அங்கிள். நேரா ஒரு தடவை சொல்லியிருக்கலாமே." ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனவே முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். சத்தம் கேட்கிற அந்த ராத்திரியில் வேண்டாம், கோபம் வாயில் வந்துவிடும். மறுநாள் மாலை, வீட்டில் இன்னொருவரை அழைத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, மேலே அதை ஓடவிட்டுக் கேட்க வையுங்கள். பாதிப் பேர் அதோடு திருந்திவிடுவார்கள்.

திருந்தவில்லையா, அப்புறம் எழுதுங்கள். சங்கத்துக்குத் தேதி போட்டு ஒரு பக்கக் கடிதம், நகலில் செயலாளரின் கையெழுத்து. கையெழுத்துப் போட மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதிலேயே ஒப்புகை கேட்டு வாங்கலாம். வாட்ஸாப் குரூப்பில் போட்டால் புகார் கொடுத்ததாக ஆகாது, சண்டைதான் வளரும். மேல் வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர் என்றால் வீட்டு உரிமையாளருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், பொதுத் தொல்லை தரும்படி வீட்டைப் பயன்படுத்துவதும் வெளியேற்றக் கோரும் காரணங்களில் ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று குறித்து வாருங்கள். நீதிமன்றத்தில் அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரியாது.

உங்கள் வீட்டு ஹாலிலிருந்து, சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். எடுத்த போனிலேயே வைத்திருங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும், மூலக் கோப்பு இருந்தால்தான் வேலை எளிது. அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த வீட்டில் பெண்கள் இருந்தால் நீங்கள்தான் கம்பி எண்ண வேண்டியிருக்கும். போனில் இருக்கும் டெசிபல் செயலி உங்கள் மனதுக்கு ஒரு மதிப்பீடு தரும், அவ்வளவுதான். முறையான அளவீடு வேண்டுமென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகுங்கள்.

இரவில் ஒலிபெருக்கி, துளையிடும் இயந்திரம் என்றால் 112-க்கு அழைக்கலாம். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பதிவு செய்ததற்கான சீட்டு, வாங்காமல் வராதீர்கள். இந்த விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கோ, டி.எஸ்.பி.க்குக் குறையாத காவல் அதிகாரிக்கோதான் தரப்படுகிறது. அதனால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பதை வீண் அலைச்சல் என்று நினைக்காதீர்கள். பகல் சத்தம் என்றால் அளவைவிட 10 டெசிபல் கூடியிருந்தால் விதியின்படி புகார் செய்யலாம். இரவுத் தடையை மீறினால் அந்தப் பத்துக் கணக்கே தேவையில்லை.

சங்கமே தூங்குகிறதா? சங்கப் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கமாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மனு கொடுத்தால் மாவட்டப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். ஆள் சேருங்கள். சங்கத்தின் மேல் கோபம் என்று பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பாக்கி வைத்தவருக்குப் பல பைலாக்களில் ஓட்டு கிடையாது. கூட்டத்தில் வாயைத் திறந்ததும் "முதலில் பாக்கியைக் கட்டுங்க" என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

புதுச்சேரியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது. ஒலி மாசு விதிகள் மத்திய அரசுடையவை, அவை அங்கும் அப்படியே செல்லும்.

உறுத்துக்கட்டளை, அதாவது சத்தத்தை நிறுத்தச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு, கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்கு முன் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் போடாமலே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதிவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தகவலுக்கு 15100.

ஆசிரியருக்கும் மேல் வீட்டுக்கும் இப்போது சமாதானம். வூஃபரைக் கட்டில் இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், பத்து மணிக்கு மேல் ஹெட்போன். ஆனால் வழக்கு அவ்வளவு சுலபமாகப் போகாது. 115(2)-ஐயும் 351(2)-ஐயும் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். 296(பி)-யை அப்படி முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. கோபத்தில் வாயில் வந்த இரண்டு வார்த்தைகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரி மனுப் போட வேண்டும். மேல் வீட்டு அம்மா ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனு தட்டச்சில் இருக்கிறது.