விழுந்தது பூச்சு அல்ல, ஐயா

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், முப்பது ஆண்டைத் தாண்டிய அடுக்குமாடி ஒன்றின் முதல் மாடி. கூடத்தில் தூணை ஒட்டிச் செங்குத்தாக ஒரு மயிரிழை விரிசல். அதைப் பார்க்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள். "அஸ்திவாரம் இறங்கிவிட்டதா சார்?" என்று கேட்ட பெரியவரின் முகத்தில் தூக்கமே இல்லை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டும் சேருமிடத்தில் கம்பி வலை அடிக்காமல் பூசிவிட்டால் இப்படிக் கோடு விழும், இதனால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவருக்கு மூச்சு வந்தது.

கிளம்பும்போதுதான் படுக்கையறையில் புத்தம் புதிய ஃபால்ஸ் சீலிங் கண்ணில் பட்டது. நடுவில் ஒரு துளை, அதன் வழியே இறங்கிய கயிற்றில் பேரனின் தூளி.

"இது எதற்கு ஐயா?"

"மேலே அடிக்கடி பூச்சு உதிர்கிறது. மூன்று முறை பூசியும் நிற்கவில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று மூடிவிட்டோம்."

ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். கூரைத் தளத்துக் கம்பிகள் பட்டை உரிந்து பழுப்பாகத் தொங்கின. உள்ளங்கையைவிடப் பெரிய கான்கிரீட் துண்டு ஒன்று ஜிப்சம் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தது. தூளிக் கொக்கியின் கழுத்து பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. தூளியை முதலில் அவிழ்க்கச் சொன்னேன். மற்றதைப் பிறகுதான் பேசினேன்.

ஆபத்தில்லாத விரிசலுக்குத் தூக்கத்தைத் தொலைக்கிறோம். தலைக்கு மேல் தொங்குவதை அலங்காரப் பலகையால் மூடுகிறோம். இந்த மழைக்காலத்தில் மட்டும் இது எனக்கு நான்காவது வீடு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"பூச்சு விழுந்தது" என்ற சொல்லை முதலில் விடுங்கள். விழுந்த துண்டைக் குப்பையில் போடுவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். மணலும் சிமென்ட்டும் மட்டுமே உள்ள மெல்லிய தகடு, விழுந்த இடத்தில் சாம்பல் நிறக் கான்கிரீட் முழுதாக இருக்கிறது என்றால் அது பூச்சுதான். துண்டில் ஜல்லி இருந்தால், அதன் முதுகில் பழுப்பாக ஒரு கம்பித் தடம் பதிந்திருந்தால், மேலே கம்பி தெரிந்தால், விழுந்தது உங்கள் தளத்தின் கான்கிரீட். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் போதாமல் அது கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. யாரோ சரியாகப் பூசாததால் விழவில்லை. ஆகவே சரியாகப் பூசினாலும் நிற்கப் போவதில்லை.

இதைச் சொன்னால், "நல்ல சிமென்ட் வாங்கிப் பூசிவிடலாம் சார்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. துருவின் மேல் பூசிய எதுவும் துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், கம்பியை அல்ல. இன்னொரு வினையும் உண்டு. புதுச் சிமென்ட்டுக்குள் போன கம்பித் துண்டுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். அதே கம்பி பழைய, உப்பேறிய கான்கிரீட்டுக்குள்ளும் தொடர்கிறது அல்லவா? இரண்டு பகுதிக்கும் இடையில் ஒரு மின்கலம் உண்டாகி, ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தில் துரு முன்னைவிட வேகமாக ஏறும். அடுத்த ஆண்டு பக்கத்தில் ஓர் அடி தள்ளி விழுவது இதனால்தான். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. பூசச் சொன்னீர்கள், பூசினார்.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பிக்குக் காவல். அது எவ்வளவு ஆழம்வரை இல்லாமல் போய்விட்டது என்று பார்க்கப் புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலின் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளிப்போம். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், இல்லாத இடம் நிறம் மாறாது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் கடலோர வீடுகளில், சிவப்பு வருகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. உப்பு புகுந்தால் காரம் இருக்கும்போதே கம்பி அரிக்கும். உப்பு இருக்கிறதா என்று அறியக் கான்கிரீட் தூள் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஓரமாக நின்று, நீளக் கழியால் மேலே உள்ள தளத்தைத் தட்டுங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. உள்ளே காலியாக இருப்பதுபோல் பொள்ளென்று கேட்டால் அந்த இடம் பிரிந்திருக்கிறது. கட்டிலை, தொட்டிலை, படிக்கும் மேசையை அன்றைக்கே நகர்த்துங்கள். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றித் துருக்கறை இருந்தால் விசிறியைக் கழற்றிவிட்டு மேசைவிசிறி வாங்குங்கள்.

சரியான பழுதுபார்ப்பு சத்தமும் தூசியும் நிறைந்த வேலை. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுழையும்படி கொத்தி, துருவைச் சுரண்டி, கால்பங்கு மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, நீராற்ற வேண்டும். இதெல்லாம் தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகு. மேல்வீட்டுக் குளியலறையா, மொட்டைமாடித் தட்டோட்டின் இணைப்பா, மழைநீர்க் குழாயின் வாயா என்று தெரியாமல் கீழே செலவழிப்பது பணத்துக்குக் கேடு. குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டிவைத்துக் கீழே கசிகிறதா என்று பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு கெஞ்சல். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456, கடற்காற்று நேராக அடிக்கும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் கனம் கேட்கிறது. நான் உடைத்துப் பார்த்த பழைய தளங்களில் 10 மி.மீ. இருந்தாலே அதிர்ஷ்டம். கான்கிரீட் போடும் நாளில் சாமி கும்பிடுங்கள், வடை பாயசமும் போடுங்கள். அதற்கு முன் குனிந்து, கம்பிக்கு அடியில் அந்தக் கனத்துக்கு இடம் விட்டுத் தாங்கும் சிறு கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் அந்த வீட்டுக்கு நான் வர வேண்டிய நாளும் அன்றே குறிக்கப்பட்டுவிடும். அடுக்குமாடியில் புதுவீடு வாங்கியவர்கள், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையைக் கட்டுநரிடம் தெரிவித்தால் 30 நாளுக்குள் உங்களுக்குச் செலவில்லாமல் அவர் சரிசெய்து தர வேண்டும். வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

திருவான்மியூர் வீட்டின் படுக்கையறையில் இப்போது இரும்பு முட்டுகள் நிற்கின்றன. தண்ணீர் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வருவது தெரிந்துவிட்டது. அதை உடைக்க அந்த வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. தீபாவளி முடியட்டும் என்கிறார்.