சாமான் பைக்கு மருந்தடிக்க வேண்டாம், ஜன்னலைத் திறங்கள்

புதிதாக ஒரு வைரஸ் பற்றித் தொலைக்காட்சியில் செய்தி வந்தால் போதும், அடுத்த கிளினிக் நாளில் கேள்விகள் தொடங்கிவிடும். "டொக்டர், கடைச் சாமானுக்கு எதை அடிக்கிறது? டெட்டோலா, பிளீச்சிங் பவுடரா? மஞ்சள் தண்ணி போதுமா? தபால்ல வர்ற பார்சலை வெயில்ல வைக்கவா?" மலையகத்தில் பல வருடங்களாக வைத்தியம் பார்க்கிறேன். கொரோனா காலத்தில் தொற்றிக்கொண்ட இந்தப் பயம் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனாவைப் போல மூச்சுக்காற்றால் பரவும் நோய்க்காக அரிசிப் பையையோ, பிஸ்கட் பக்கெட்டையோ, கடிதத்தையோ கிருமிநீக்கம் செய்யத் தேவையில்லை. சாமானை எடுத்து வைத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். அது போதும்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2020 மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்றது. 20ஆம் திகதி நமது இலங்கையில் ஊரடங்கு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னர்தான் அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. பிளாஸ்டிக்கிலும் உருக்கிலும் 3 நாள் வரை, அட்டையில் ஒரு நாள் வரை, செம்பில் 4 மணித்தியாலம் வரை உயிருள்ள வைரஸைக் காண முடிந்தது என்று அது சொன்னது. இந்த எண்கள் வாட்ஸ்அப்பில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், லயம் லயமாகச் சுற்றின. அதே ஆய்வின் மற்றப் பாதி சுற்றவில்லை. பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வைரஸின் அளவு பாதியாகிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் முடிவில் மிஞ்சியது, முதலில் வைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

முதலில் வைத்த அளவும் சாதாரண அளவல்ல. எமானுவல் கோல்ட்மன் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் பேராசிரியர் 2020 ஜூலையிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஆய்வுகூடத்தில் சின்ன இடத்தில் கொட்டி வைத்த வைரஸ், ஒரு நோயாளி இருமித் தும்முவதால் ஒரு பொருளில் படிவதை விடப் பல மடங்கு அதிகம் என்றார். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் இன்னும் தெளிவாகச் சொன்னது: வைரஸ் படிந்த ஒரு பரப்பைத் தொட்டாலும், அந்த ஒரு தொடுகையால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாக பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

யோசித்துப் பாருங்கள். கடையில் நோயுள்ள ஒருவர் உங்கள் பருப்புப் பக்கெட்டின் மேல் நன்றாக இருமியிருக்க வேண்டும். அந்த வைரஸ் காயாமல், சாகாமல் உங்கள் வீடு வரை வர வேண்டும். அப்புறம் அது உங்கள் விரலில் ஒட்டி, அந்த விரல் கழுவாமலே மூக்குக்கோ கண்ணுக்கோ போக வேண்டும். இவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால்தான் பக்கெட்டால் நோய் வரும். இந்தச் சங்கிலியைக் கையைக் கழுவி ஓரிடத்தில் அறுத்துவிட்டால் போதும், பக்கெட்டைத் தேய்க்க வேண்டிய வேலையே இல்லை.

"நுவரெலியாக் குளிருக்கு வைரஸ் கூட நாள் உயிரோடு இருக்குமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குளிரில் அது மெதுவாகத்தான் சாகும். ஆனால் சவர்க்காரத்துக்குக் குளிரும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். வைரஸைச் சுற்றியிருக்கும் கொழுப்புறையை அது எங்கேயும் உடைத்துவிடும். குளிர் நமக்குச் செய்யும் பெரிய கெடுதல் வேறு. பனி இறங்கினால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறைக்குள் இருக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், மருந்தடிப்பதால் வரும் கெடுதல். என் மனதை அதிகம் வருத்துவது இதுதான். ஊரடங்கு நாட்களில் கிளினிக் நோயாளர்களுக்கு வைத்தியசாலையிலிருந்து மாத்திரைகளைத் தபாலில் அனுப்பினார்கள். மலைப்பாதையில் தோட்டம் தோட்டமாக அந்தப் பொதிகளைச் சேர்த்த தபால் ஊழியர்களின் உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அப்படி வந்த ஒரு பொதி, சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஓர் அம்மாவின் வீட்டில் மூன்று நாள் இஸ்தோப்பு ஆணியில் தொங்கியது. மூன்று நாள் தொடக்கூடாது என்று பேரப்பிள்ளை போனில் பார்த்திருந்தான். வீட்டில் பழைய மாத்திரை ஏற்கனவே தீர்ந்திருந்தது. மூன்றாம் நாள் பொதியை இறக்கி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் உள்ளே இருந்த உறைகளையும் துடைத்தார்கள். நமது வைத்தியசாலை மருந்து உறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சின்னக் காகித உறை, அதன் மேல் பேனையால் எழுதிய பெயரும் வேளையும். மை கரைந்து போனது. உறை கிழிந்து, மெட்ஃபோர்மினும் லொசார்டனும் கொழுப்புக்குக் கொடுத்த மாத்திரையும், எல்லாம் வெள்ளை நிறம், ஒரு தட்டில் ஈரமாகக் கலந்து கிடந்தன. பிரஷர் ஏறித் தலைசுற்றி வார்ட்டுக்கு வந்தபோது அந்த அம்மாவின் கையில் பொலித்தீன் பையில் அந்த மாத்திரைகளும் இருந்தன. "எது எதுன்னு தெரியல டொக்டர், அதான் ஒன்னும் போடல" என்றார்.

ஆகவே மருந்துப் பொதி வந்தால் உடனே பிரியுங்கள். வெளி உறையைக் குப்பையில் போடுங்கள். கையைக் கழுவுங்கள். அந்த வேளைக்குரிய மாத்திரையைப் போடுங்கள். இன்சுலின் என்றால் வெயிலில் ஒரு நிமிடமும் வைக்காதீர்கள். சூட்டில் அது பலனிழந்துவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைக் கடிதம், கிளினிக் கொப்பி இவற்றுக்கும் எதையும் அடிக்க வேண்டாம். கரைந்த எழுத்தைத் திரும்ப வாங்க எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பது நமது மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மரக்கறி விஷயம் இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் 2020 மே மாதம் 502 பேரிடம் நடத்திய கருத்தாய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உணவுப்பொருளையே பிளீச் போட்டுக் கழுவியதாகச் சொன்னார்கள். நம்மிடமும் கரட்டையும் லீக்ஸையும் சவர்க்காரத் தூளில் ஊறப்போட்டவர்கள் இருக்கிறார்கள். மரக்கறியின் தோலிலும் இலை மடிப்பிலும் சவர்க்காரம் தங்கிவிடும்; வயிற்றைப் புரட்டும், வயிற்றோட்டம் வரும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். மண், பூச்சிமருந்து, புழு முட்டை இவற்றுக்காக எந்தக் காலத்திலும் செய்ய வேண்டிய வேலை அது. லீக்ஸை மட்டும் பிளந்து, மடிப்பு மடிப்பாகக் கழுவுங்கள்.

பிளீச்சுடன் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ சேர்த்தால் "பவர் கூடும்" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் அடைத்த லயத்துக் குசினியில் இளைப்பு உள்ள ஒருவருக்கு அது உயிராபத்து. அல்ககோல் கிருமிநாசினியை அள்ளிப் பூசிக்கொண்டு, கை காயும் முன் விறகடுப்பை ஊதப் போவதும் அப்படித்தான், கை தீப்பற்றும். மஞ்சள் தண்ணீர் தெளிப்பதில் இந்த ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அது வைரஸைத் தடுக்காது. இறக்குமதித் தடையால் 2020இல் மஞ்சள் விலை கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு ஏறிய நேரத்தில், கைக்காசைப் போட்டு வாங்கி வாசலில் தெளித்த வீடுகளைப் பார்த்து வருந்தினேன். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கியிருக்கலாம்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியதும், மீனிலேயே நோய் இருக்கிறது என்று நாடே மீனை ஒதுக்கியது. முன்னர் கடற்றொழில் அமைச்சராக இருந்த திலீப் வெதஆரச்சி, பயத்தைப் போக்க நவம்பரில் ஊடகவியலாளர்கள் முன்னால் ஒரு மீனைப் பச்சையாகவே கடித்துக் காட்டினார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, சமைத்துச் சாப்பிடுங்கள். அந்தச் சந்தையில் நோயைப் பரப்பியது தோளோடு தோள் உரசி நின்று, சத்தம் போட்டு விலை பேசிய மனிதர்களின் மூச்சு.

நமது இடங்களிலும் அதுவே நடந்தது. சம்பள நாளில் கடையில் முண்டியடிக்கும் வரிசை, கொழுந்து நிறுக்கும் மடுவம், கண்ணாடியை இழுத்து மூடிய பஸ், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் படுக்கும் ஆறேழு பேர். வாங்கி வந்த பையை முற்றத்தில் வைத்துத் துடைக்கிறோம். அதை வாங்க அரை மணித்தியாலம் நெருக்கி நின்ற வரிசையை மறந்துவிடுகிறோம். தொற்றுக் காலத்தில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவர் மட்டும் போய், முகக்கவசத்தை மூக்குக்கு மேல் போட்டுக்கொண்டு, சீக்கிரம் வாங்கித் திரும்புவது நல்லது. வீட்டில் காய்ச்சல்காரர் இருந்தால் ஜன்னல் பக்கம் படுக்க வையுங்கள். குளிர்தான், தெரியும். இன்னொரு கம்பளி கொடுங்கள், ஆனால் ஜன்னலை ஒரு சாணாவது திறந்து வையுங்கள். ஜன்னலே இல்லாத லயத்து அறைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே முன் கதவையும் பின் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து காற்றை ஓட விடுங்கள். ஜன்னலில்லாத அறையில் குடும்பத்தை வைத்துவிட்டு லயத்துக்கு வெளியே மருந்தடித்துப் போகும் நிர்வாகங்களிடம், முதலில் ஜன்னல் வைத்துத் தரும்படி கேட்பது நமது உரிமை. தெருவிலும் வெளியிடங்களிலும் மருந்தடிப்பதை உலக சுகாதார நிறுவனமே 2020 மே மாதத்தில் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மனிதர்கள் மேல் எந்தக் காரணத்துக்காகவும் அடிக்கவே கூடாது என்றது.

எல்லா நோய்க்கும் இதே பதில் பொருந்தாது. வயிற்றுளைவும் செங்கமாரியும் அசுத்தத் தண்ணீர், உணவு, கை வழியாகப் பரவுபவை. அவை பரவும் நாட்களில் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், பொது மலசலகூடத்தின் கைப்பிடியையும் குழாயையும் துடைப்பதும் மிக முக்கியம். புதிய தொற்று என்று கேள்விப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல மிஸ்ஸிடமோ, அது எந்த வழியாகப் பரவுகிறது என்று முதலில் கேளுங்கள்.

நோயாளி இருக்கும் வீட்டில் கதவுப்பிடியைத் துடைக்க பிளீச் வேண்டுமென்றால், 5 வீத பிளீச்சில் ஒரு பங்குக்கு 49 பங்கு பச்சைத் தண்ணீர் சேர்த்து அன்றன்றைக்குக் கலக்குங்கள். அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்க வைத்து, 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். குடித்தது எது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அந்தப் போத்தலையும் எடுத்து வாருங்கள்.