குதிகால் முள்ளை ஷாக்வேவ் உடைக்காது

இந்த வாரமும் அதே கோரிக்கைதான். கையில் எக்ஸ்ரே கவர். "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்காம், ஷாக்வேவ் வச்சு உடைச்சு விட்டுடுங்க." எங்கோ பத்து சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டி, நாள் தவறாமல் போய் முடித்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "முள் அப்படியே இருக்கே" என்று கலங்கி வருகிறவர்களும் உண்டு.

அது அப்படியேதான் இருக்கும். ஷாக்வேவ் என்பது தோலுக்கு வெளியே இருந்து அழுத்த அலைகளைச் செலுத்தும் சிகிச்சை. அது முள்ளை உடைக்காது. உடைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கத்தான் இந்த அலைகளை முதலில் பயன்படுத்தினார்கள். ஆனால் கல் உயிரில்லாத பொருள், நொறுங்கும். குதிகால் எலும்பு ரத்தம் ஓடும் உயிருள்ள எலும்பு. காலுக்குக் கொடுக்கும் விசையும் அதை நொறுக்கும் அளவில் இல்லை. தோள்பட்டை நாணில் (தசையை எலும்போடு இணைக்கும் பட்டை) படியும் கால்சியம் சிலருக்கு ஷாக்வேவுக்குப் பின் கரைவது உண்மைதான். அது உடம்பே உறிஞ்சிக்கொள்ளும் படிவு. அந்தக் கணக்கைக் குதிகாலுக்குப் போடாதீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயில் இதே முள் இருக்கிறது. முழுதாகக் குணமானவர்களுக்கும் முள் அங்கேயேதான் இருக்கும். வலிப்பது, குதிகாலின் அடியில் தொடங்கி விரல்கள் வரை ஓடும் தடித்த சவ்வு. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் உயிர் போகும், நாலு அடி நடந்தால் தணியும்: இதுதான் அதன் அடையாளம்.

இன்னொன்று, இது கரண்ட் ஷாக் இல்லை. நம் ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் இருப்பது காற்றழுத்த மிஷின். கைப்பிடிக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டு முன்னும் பின்னும் பாய்ந்து முனையைத் தட்டுகிறது, அவ்வளவுதான். (சக தெரபிஸ்டுகளுக்கு: குண்டும் முனையும் தேய்ந்தால் திரையில் எத்தனை பார் (காற்றழுத்த அளவு) காட்டினாலும் காலுக்குப் போய்ச் சேராது. மாற்றுங்கள்.)

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும்? குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, குதிகாலின் உள்பக்க முன்விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி, "இங்கேதான்" என்று நீங்கள் துள்ளும் புள்ளியைக் குறிக்க வேண்டும். ஜெல் தடவி, 1.5 பாரில் ஆரம்பித்து, தாங்கும் அளவுக்கு 2.5, 3 என்று ஏற்ற வேண்டும். மொத்தம் 2000 தட்டு, நொடிக்கு 10 வீதம். கணக்குப் போட்டால் மூன்றரை நிமிடம்கூட இல்லை. அரை மணி நேரம் 'ஷாக்வேவ்' கொடுத்தார்கள் என்றால் அது வேறு ஏதோ மிஷின். வாரம் ஒன்று, மொத்தம் 3, மிஞ்சினால் 5. தினமும் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. திசு தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த இடைவெளி வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது சிட்டிங்கிலேயே "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிட வேண்டாம்.

மரத்துப்போக ஊசி கேட்காதீர்கள். உங்கள் வலிதான் எங்களுக்கு வழிகாட்டி. அதை மறைத்தால் இடமும் தவறும், பலனும் குறையும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் டைக்ளோஃபினாக், ப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதியதென்றால் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அன்று இரவு கொஞ்சம் வலி கூடலாம், தோல் சிவக்கலாம், அடங்கிவிடும். இரண்டு நாள் ஓட்டமும் குதித்தலும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பயிற்சி. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2000இல் குதிகால் வலிக்கு இதை அனுமதித்தபோதே, 6 மாதமாக வலி இருந்து மற்ற சிகிச்சைகளில் குணமாகாதவர்களுக்கு என்றுதான் அனுமதித்தது. வலி வந்த மூன்றாம் வாரமே மிஷினைத் தேடி ஓடுவது வீண் செலவு. காலையில் படுக்கையைவிட்டு இறங்கும் முன், வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்து 10 எண்ணுங்கள். 10 முறை, நாளைக்கு 3 வேளை. அடுத்தது, சுருட்டிய துண்டைப் படியின்மேல் வைத்து, விரல்கள் அதன்மேல் நிமிர்ந்திருக்க, ஒற்றைக் காலில் குதியை 3 நொடி உயர்த்தி, 2 நொடி நிறுத்தி, 3 நொடி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையலறையில் நிற்காதீர்கள், தயவுசெய்து. ஷாக்வேவ் ஆரம்பித்த பிறகும் இதை விடக் கூடாது.

குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் குதிநாண் வலிக்கும் இதே கதைதான் (அது நரம்பு இல்லை, தசைநாண்). அங்கே ஒரு வித்தியாசம்: நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால், படி விளிம்புக்குக் கீழே குதியை இறக்காமல் சமதரையில் செய்யுங்கள். கீழே இறக்கினால் நாண் எலும்போடு நசுங்கும்.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள், அந்த இடத்தில் கட்டியோ சீழோ உள்ளவர்கள், வளரும் குழந்தைகள்: கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 6 வாரத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வலி தெரியாத காலில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே தெரியாது. இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் விறைத்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது பின்னங்காலில் யாரோ உதைத்தது போல 'பட்' என்று கேட்டு, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியவில்லையென்றால் நாண் அறுந்திருக்கலாம். ஷாக்வேவுக்கு அப்பாயின்ட்மென்ட் போடாமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.