‘கூறுகிறார்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைச் செப்பனிடுவது என் தொழில். அண்மையில் திருத்தத்துக்கு வந்த ஒரு கட்டுரையில், ஆய்வாளர் தம் வேலைக்கே அடித்தளமாகக் கொண்ட முந்தைய ஆய்வொன்றைக் குறிப்பிடும்போது, அதன் ஆசிரியர் ‘கிளெய்ம்’ செய்கிறார் என்று எழுதியிருந்தார். ‘அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், எனக்கு அதில் உறுதியில்லை’ என்ற தொனியில்தான் ஆங்கில வாசகர் அதைப் படிப்பார். காரணம் கேட்டேன். முந்தைய இரண்டு வாக்கியங்களிலும் ‘ஸ்டேட்’ (கூறுகிறார்) வந்துவிட்டதால், கூறியது கூறலைத் தவிர்க்க அகராதியில் இணைச்சொல் தேடியதாகச் சொன்னார்.

இந்த வினைச்சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றுச்சொற்கள் ஆகமாட்டா. 1991இல் ஜெஃப் தாம்சனும் யே யியுனும் வெளியிட்ட ஆய்வொன்று, எழுதுபவரின் நிலைப்பாட்டைக் கொண்டு இவற்றை மூவகையாகப் பிரித்தது. ‘டெமான்ஸ்ட்ரேட்’, ‘புரூவ்’ போன்றவற்றை எழுதினால், அந்த அறிஞர் சொன்னது உண்மையென்று நாமும் கையொப்பமிடுகிறோம். ‘இக்னோர்’, ‘கன்ஃப்யூஸ்’ போன்றவற்றை எழுதினால் அவர் தவறிவிட்டார் என்கிறோம். ‘புரொபோஸ்’, ‘பிலீவ்’ போன்றவை நம் தீர்ப்பை வெளியே காட்டுவதில்லை. ‘கிளெய்ம்’ என்பதையும் அவர்கள் இந்த மூன்றாம் வகையிலேயே வைத்தார்கள். ஆனால் பிறர் கருத்துக்கு அதைப் பயன்படுத்தும்போது அது ஐயத்தின் பக்கம் சாய்வதையே என் அனுபவத்தில் காண்கிறேன்.

இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று. உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல், பிறர் நூற்குற்றம் காட்டல் உள்ளிட்ட எழுவகை மதங்களை, அதாவது பிறர் கருத்தைக் கையாளும் நிலைப்பாடுகளை, இலக்கண நூலான நன்னூல் வகுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுள் பலவற்றை ஒரே ஒரு வினைச்சொல் சுமந்துவிடுகிறது என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். ‘ஷோ’ (நிறுவிக் காட்டுகிறார்) என்று எழுதிய கருத்தையே அடுத்த பத்தியில் மறுக்கும் கட்டுரைகள் அதனால்தான் வருகின்றன.

துறைக்குத் துறை வழக்கும் மாறும். எட்டுத் துறைகளைச் சேர்ந்த 80 கட்டுரைகளை ஆராய்ந்து கென் ஹைலண்ட் 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, மெய்யியலார் ‘ஆர்க்யூ’, ‘கிளெய்ம்’ போன்றவற்றையும், உயிரியலார் ‘ஃபைண்ட்’, ‘ரிப்போர்ட்’ போன்றவற்றையும் மிகுதியாகக் கையாள்கிறார்கள். காலவடிவமும் அப்படியே, இலக்கியத் துறையின் எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்) மேற்கோள் நடை நிகழ்காலத்தை விரும்ப, உளவியலில் தோன்றிய ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடை இறந்தகாலத்தைப் பரிந்துரைக்கிறது.

இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. தமிழில் பிறர் கூற்று முடியும் இடத்தில் ‘என்று’ வந்து கதவைச் சாத்திவிடுகிறது. அதற்குப் பின் வருவது எழுதுபவரின் குரல் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்திலோ கூற்றுக்கு முன்னால் வரும் ‘தட்’ (that) கதவைத் திறந்துவைக்கிறது, சாத்துவதற்குச் சொல் இல்லை. முதல் வாக்கியத்தில் அறிஞரின் பெயரும் ஆண்டும் இருக்கும். இரண்டாவது வாக்கியம் அவர் கருத்தின் தொடர்ச்சியாக இருக்கும். மூன்றாவது எழுதுபவரின் சொந்த ஊகமாக இருக்கும். இரண்டாவதற்குச் சான்று எங்கே என்று மதிப்பீட்டாளர் கேட்பார், மூன்றாவதையோ அந்த அறிஞருக்கே உரியதென எண்ணிக்கொள்வார். எழுதுபவரின் சிறந்த சிந்தனை இப்படி இன்னொருவர் கணக்கில் சேர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். இரண்டாம் வாக்கியத்தை ‘அவர் மேலும் வாதிடுவதாவது’ என்ற பொருளிலும், மூன்றாவதை ‘இதிலிருந்து நாங்கள் கருதுவது’ என்ற பொருளிலும் தொடங்கினால் குரல்கள் பிரிந்துவிடும். அப்படிச் செய்யும்போது சொல் திரும்ப வந்தாலும் குற்றமில்லை.

அந்த ஆய்வாளரிடம் ஒவ்வொரு மேற்கோளையும் காட்டி, ‘இதை நீங்கள் ஏற்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டேன். அடித்தள ஆய்வுக்கு ‘ஷோ’ என்று மாற்றிக்கொண்டார். ஓரிடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்த முடிவில் தமக்கு உண்மையிலேயே ஐயம் இருப்பதாகச் சொல்லி, அங்கே ‘கிளெய்ம்’ என்பதை அப்படியே விட்டு, ஐயத்துக்கான காரணத்தை இரண்டு வாக்கியங்களில் சேர்த்து எழுதினார்.